என் ஒயர்ல ஒண்ணுமில்ல

ஆர்லன் டெஸ்கிக்கு அறுபத்து மூன்று வயது. வாரத்தில் ஆறு நாள் மாவட்டச் சாலைத் துறைக்கு வண்டி ஓட்டுகிறான். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி, மற்ற நாளில் ஜல்லி லாரி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தமாகச் சின்ன ராக்கெட் செய்து பறக்கவிடும் எங்கள் சங்கத்துக்கு ஒயர் இழுக்கிறான். பத்தொன்பது வருஷமாக இழுக்கிறான். ஏன் நீயே செய்கிறாய் என்று கேட்டால், வேறு யாரும் செய்யவில்லையே என்பான்.

அவன் வேலை பார்ப்பதற்குச் சின்னது. சோயா அறுத்த வயலில் மேடையை நிறுத்தி, பக்கத்தில் பேட்டரியை வைத்து, அங்கிருந்து மேஜை வரை ஒயரை இழுத்துவர வேண்டும். மேஜையில் ஒரு பெட்டி, ஒரு பொத்தான், ஒரு சாவி. ராக்கெட்டின் அடியில் திரியைச் சொருகுவது மட்டும் ராக்கெட்டுக்காரன் பொறுப்பு. திரி என்பது பேருக்குத்தான். அது மெல்லிய கம்பி, நுனியில் கறுப்பு மருந்து தடவியிருக்கும், மின்சாரம் பாய்ந்ததும் பற்றிக்கொள்ளும். அந்த நுனி, ராக்கெட்டைத் தூக்கும் மருந்துக் குழாயான மோட்டாருக்குள் அடிவரை போய் மருந்தைத் தொட வேண்டும். ஒரு நகம் அளவு தள்ளி நின்றாலும் திரி தான் மட்டும் எரிந்துவிட்டு அடங்கிவிடும். ராக்கெட் நின்ற இடத்திலேயே நிற்கும்.

நின்றால் சட்டம் இருக்கிறது. சாவியை உருவ வேண்டும். ஒரு நிமிஷம் முழுதாகக் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு ஆள் போய்ப் பார்க்க வேண்டும். போகிறவன் கழுத்தில் சாவி தொங்க வேண்டும், அவன் குனிந்திருக்கும்போது எவனும் பொத்தானை அழுத்திவிடக் கூடாதே. எங்கள் சங்கத்தில் அந்த ஒரே ஒரு ஆள் எப்போதும் ஆர்லன்தான். மேடைக்கு அறுபது தப்படி, திரும்பி வர அறுபது தப்படி. இடது முழங்கால் போய் மூன்று வருஷமாகிறது.

கிளம்புவதற்கு முன்னால் ஒலிபெருக்கியை எடுத்து ஒரே வசனத்தைச் சொல்வான். "என் ஒயர்ல ஒண்ணுமில்ல. திரிய ஒழுங்கா சொருகல." பத்துக்கு ஒன்பது தடவை அது உண்மை. நாங்களும் அவன் வாய் திறக்கும் முன்பே கோரஸாகச் சொல்லிச் சிரிப்போம். அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒயர் நுனியில் திரியைப் பிடிக்கும் கவ்விகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருப்பான். இன்னொன்றும் உண்டு. ராக்கெட் கிளம்பியதும் நாங்கள் எல்லாரும் வானத்தைப் பார்ப்போம், ஆர்லன் மேடையைப் பார்ப்பான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு ராக்கெட் மேலே போய் பாராசூட் குடை விரித்ததை அவன் பார்த்திருப்பானா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

போன அக்டோபரில், பனிக்கு முந்தின கடைசி ஞாயிறு, எங்கள் சங்கத்து வெர்னன் ஹூபரை அவன் தங்கை லவோன் வேனில் கூட்டிவந்தாள்.

வெர்னன் முப்பது வருஷம் வெல்டிங் வேலை செய்தவன். நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய், காலடியில் ஆக்சிஜன் உருளை. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து மூன்று மோட்டார் ராக்கெட் ஒன்று செய்திருந்தான். அடுத்த வசந்தத்தில் சங்கம் கூடும்போது அவன் இருக்கமாட்டான் என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். லவோன் கொண்டுவந்த கேக்கைத் தின்றோம்.

மூன்று மோட்டார் என்றால் மூன்று திரி. மூன்றும் ஒரே கணத்தில் பற்ற வேண்டும். ஒன்று மட்டும் பற்றினால் ராக்கெட் சாய்ந்து கிளம்பி வயலில் மூக்கைக் குத்தும். அந்த மூன்றையும் யாரையும் தொடவிடாமல் வெர்னனே சொருகினான். வேனின் பின்கதவைத் திறந்து, ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, நாற்பது நிமிஷம். கை அப்படி நடுங்கியது.

நான் போய், "குடுடா, நான் சொருகுறேன்" என்றேன்.

"உன் ராக்கெட் போன மாசம் மூணு தடவ நமுத்துச்சு, டீன்" என்றான் வெர்னன். "போய் உன் சீட்ட எழுது."

எந்த ராக்கெட் யாருடையது என்று சீட்டு எழுதுவதும், ஏவும்போது எண்ணுவதும்தான் சங்கத்தில் என் வேலை. போய் எழுதினேன்.

ஆர்லன் ராக்கெட்டை மேடையில் ஏற்றிக் கவ்விகளை மாட்டிவிட்டு வந்தான். வெர்னன் வேனின் முன்சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான். நான் ஐந்திலிருந்து எண்ணினேன். ஆர்லன் பொத்தானை அழுத்தினான்.

ஒன்றும் ஆகவில்லை. புகைகூட வரவில்லை. மறுபடி அழுத்தினான். ஒன்றுமில்லை.

ஆர்லன் சாவியை உருவிக் கழுத்தில் மாட்டினான். மறு கை தானாக ஒலிபெருக்கிக்குப் போனது. தடுத்திருக்கலாம், எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. "என் ஒயர்ல ஒண்ணுமில்ல. திரிய ஒழுங்கா சொருகல."

அன்றைக்கு ஒருவரும் கூடச் சேர்ந்து சொல்லவில்லை. வேன் கண்ணாடி மேலே ஏறியது.

ஒரு நிமிஷம் நின்றோம். அதைவிட நீளமான நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. ஆர்லன் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனான். மேடையருகே முழங்காலை மடக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து குனிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் தன் கட்டைவிரல் நகத்தை வைத்து அளந்தான். ஒன்றை அளந்தான், அடுத்ததை அளந்தான், மூன்றாவதையும் அளந்தான். மறுபடி முதலிலிருந்து அளந்தான். அதற்குப் பிறகு பேட்டரியைப் பார்த்தபடி நின்றான்.

திரும்பி வந்தவன் உட்கார்ந்தான். உட்காரவே மாட்டான் அவன்.

"என்னடா?" என்றேன்.

"மூணும் அடிவரைக்கும் போயிருக்கு. வெளிய மிச்சமிருக்கிற கம்பி மூணும் ஒரே அளவு. நான் சொருகினாகூட அப்படி வராது."

"அப்புறம்?"

"பேட்டரி."

"பேட்டரிக்கு என்ன?"

"ஏப்ரல்லயிருந்து செத்துக்கிட்டிருக்கு. ஒரு திரின்னா எப்படியோ சமாளிக்குது. அழுத்தினதும் ஒரு மூச்சு லேட்டாகும், பாத்திருப்பியே. மூணு திரிக்கு இன்னிக்கு இந்தக் குளிர்ல அதுக்கு எங்க தெம்பு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏப்ரல்லயிருந்து தெரியுமா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அவன் காதுல விழுற மாதிரி வேற கத்தின!"

"சொல்லியிருப்பேன்" என்றான். "சொன்னா நான்தான் போயி வாங்கணும், நான்தான் தூக்கணும், நான்தான் மாட்டணும். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு இருந்துட்டேன். அலுத்துப்போச்சு டீன்." வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வாயில் வந்த திட்டை நான் விழுங்கிக்கொண்டேன். வயலுக்குள் பேட்டரியைத் தூக்கிப் போக நானும்தான் ஒரு தடவை முன்வந்ததில்லை.

லவோன் வந்தாள். "வீட்டுக்குப் போகலாம்ங்கிறான். கண்ண மூடிக்கிட்டான். 'கை போச்சு, எல்லாம் போச்சு'ன்னு அதையே சொல்றான். நான் என்ன பண்ணட்டும்?"

"இருபது நிமிஷம்" என்றான் ஆர்லன். "வண்டிய மட்டும் எடுத்துடாத."

ஜல்லிச் சாலையைத் தாண்டி வயலுக்குள் வண்டி இறங்கக் கூடாது என்பது வயல்காரர் எங்களுக்கு இடம் கொடுத்தபோதே போட்ட நிபந்தனை. அதனால் ஆர்லன் தன் சொந்த வண்டியின் பானெட்டைத் தூக்கி, பத்தாம் நம்பர் ஸ்பானரால் பேட்டரியைக் கழற்றி, இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அறுத்த சோயாத் தாள்கட்டைகளுக்கு நடுவே நடந்தான். பாதி வழியில் நான் ஒரு பக்கம் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடையருகே இறக்கி வைத்ததும் பழையதிலிருந்து ஒயரை அவிழ்த்துப் புதியதில் முறுக்கினான். ராக்கெட்டைத் தொடவில்லை. திரிகளைத் தொடவில்லை. கவ்விகளை மட்டும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தான்.

காற்று கொஞ்சம் எழும்பியிருந்தது. மேஜைக்குத் திரும்பி, சாவியைப் போட்டான். நான் எண்ணினேன்.

அழுத்தின கையோடு போய்விட்டது. மூன்று தீ ஒன்றாகச் சேர்ந்து ஒரே தீயாக, நேராக, துளி சாயாமல். அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தார்கள். ஆர்லன் மேடையைப் பார்த்தான். நான் வேனைப் பார்த்தேன். சத்தம் கேட்டு வெர்னன் கண்ணைத் திறந்திருந்தான், ஆனால் வேனின் கூரை மறைத்தது. அவன் கண்ணாடியை இறக்குவதற்குள் ராக்கெட் குடை விரித்து, பக்கத்து வயலை நோக்கி அசைந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அந்த இருபது நிமிஷம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அவன் முழுதாகப் பார்த்திருப்பான்.

ஆர்லன் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடைக்குப் போய், கவ்விகளில் மிச்சமிருந்த கருகிய கம்பிகளை எடுத்துக்கொண்டு நேரே வேனுக்குப் போனான். கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் நானும் பின்னால் போனேன்.

"எத்தன பத்துச்சு?" என்று கேட்டான் வெர்னன்.

"மூணும்."

"சும்மா சொல்லாத. நான் சொதப்பினத நீ மாத்திச் சொருகியிருப்ப."

ஆர்லன் அவன் உள்ளங்கையைப் பிடித்து விரித்து மூன்று கம்பிகளையும் வைத்தான். "நான் மாத்தல. தொடக்கூட இல்ல, டீன கேளு. இது நீ சொருகினதுதான். மொத தடவயும் சரியாத்தான் இருந்துச்சு. என் பேட்டரி செத்துருச்சு வெர்ன். எனக்கு ஏப்ரல்லயே தெரியும்."

வெர்னன் கம்பிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினான். மூன்றின் நுனியும் கருகியிருந்தது. குழாய் வழியாக மூச்சு உஸ்ஸென்று போய் வந்தது.

"அந்த மைக்குல கத்தினியே" என்றான் கடைசியில். "அதுலயே சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்."

"சொல்றேன்" என்றான் ஆர்லன்.

மறுபடி மேஜைக்கு நடந்தான். காலை அநேகமாக இழுத்துக்கொண்டுதான் போனான். ஒலிபெருக்கியை எடுத்தான். அங்கே இருந்தது எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர். "மொத தடவ பத்தாததுக்குக் காரணம் என் பேட்டரி" என்றான். "வெர்னன் சொருகின திரி மூணும் சரி. மொதல்லயிருந்தே சரி."

வேனின் ஹாரன் நீளமாக ஒருமுறை அடித்தது. லவோன் வெளியே என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வெர்னன் முன்சீட்டிலிருந்து குழாயோடு எட்டி அடித்திருக்கிறான்.

ஆர்லன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியை வைத்துவிட்டு, வீட்டுக்குப் போக வண்டி கிளம்ப வேண்டுமே என்று, பேட்டரியை எடுத்துவர மறுபடி வயலுக்குள் இறங்கினான். இந்தத் தடவை பதினோரு பேரில் ஆறு பேர் கூடப் போனோம்.