இரண்டாவது பெயர்

காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி விசாரிக்க வந்த ஒரு குழுவுக்கு நான் மூன்று நாள் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ஆங்கில ஆசிரியன் என்பதால் என்னைக் கேட்டார்கள். பெருமையோடுதான் போனேன்.

இரண்டாம் நாள் வல்வெட்டித்துறையில் இருந்து ஒரு தாய் வந்தார். மூத்த மகனை ஆமிக்காரர் பஸ்ஸில் இருந்து இறக்கிக் கொண்டுபோனதைச் சொன்னார். அவன் பெயரோடு ஆங்கிலத்தில் சொன்னேன். அதன்பிறகு மகளின் பெயரைச் சொல்லி, அவளோடு வன்னிக்குப் போயிருந்த கதையைத் தொடங்கினார்.

"கடைசிச் சண்டைக்கு அவளை எங்கடை பெடியள்தான் வந்து இழுத்துக்கொண்டு போனவங்கள். பதினாறு வயசு. நான் காலிலை விழுந்தனான்."

விசாரணை மண்டபம் நிறைந்திருந்தது. பின்னால் எங்கள் ஊர்க்காரர், என்னோடு படிப்பிப்பவர்கள். முன்னால் கொழும்பு அதிகாரிகள். இயக்கம் பிள்ளை பிடித்ததை நான் அப்படியே சொன்னால் நாளைக்கு என்னைத் துரோகி என்பார்கள். "மகளையும் போரில் இழந்துவிட்டார்" என்று முடித்தேன்.

அவர் எழும்பவில்லை.

"தம்பி, நான் ரெண்டு பேர் சொன்னனான். நீங்கள் மகன்ரை பேரை மட்டுந்தான் சொன்னனீங்கள்."

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பிள்ளைகளின் பெயர் தெரியும்.

"எல்லாம் சொல்லிப்போட்டன், அம்மா" என்றேன். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

சில மாதங்களின் பின், விசாரித்துக்கொண்டு உரும்பிராயில் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றார். கையில் குழு அனுப்பிய கடிதம். அதில் மகனின் பெயர் மட்டும். இந்த முறை பொய் வரவில்லை. மனைவி கேட்டுக்கொண்டு நிற்க, நடந்ததைச் சொன்னேன்.

"ஆருக்குப் பயந்தனீங்கள்? ஆமிக்காரருக்கோ?"

"இல்லை அம்மா. எங்கடை ஆக்களுக்கு."

"பெத்த எனக்கு வராத பயம் உங்களுக்கு வந்ததோ" என்றார். அழவில்லை. "இருந்து எழுதுங்கோ. ஆர் கொண்டுபோனதெண்டும் எழுதுங்கோ."

எழுதினேன். நான் மறைத்ததையும் சேர்த்துக் கையெழுத்திட்டுக் குழுவுக்கு அனுப்பினேன். குழுவின் காலம் முடிந்துவிட்டதாக ஒரு வரிப் பதில் வந்தது.

அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த விசாரணைக்கு வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தார். குடிக்கவும் முடியவில்லை, வைத்துவிட்டு எழும்பவும் முடியவில்லை.