பிந்திப் போனாலும் சேர்ந்து சொல்லலாம்

2009 புரட்டாதி, லண்டன் கான்ட்ஸ் ஹில் பக்கம். வைகாசியில வன்னியில என்ர தங்கச்சி ஷெல் விழுந்து செத்திருந்தாள். நான் வயசுபோன யூத ஐயா ஒருத்தரைப் பராமரிக்கிற வேலையில இருந்தனான். அவையளுக்குப் புதுவருசம் பிறக்கமுதல், காலமையில கோயிலில கூடிக் கடவுளிட்ட மன்னிப்புக் கேக்கிறது வழக்கம். அதில ஒரு பகுதியைத் தனிய சொல்லேலாதாம். பத்து ஆம்பிளையளாவது கூடி நிண்டாத்தான் சொல்லலாமாம். அது தவறிடக்கூடாதெண்டு ஐயாவுக்கு ஒரே தவிப்பு.

அண்டைக்கெண்டு ஐயாவை ஏத்திப்போக வரவேண்டிய வான் வரேல்லை. வீல்செயரைத் தள்ளிக்கொண்டு ஓடினன். வாசலில காவலுக்கு நிண்டவர் மறிச்சார். தாக்குதல் பயத்தால அவையளுக்குக் காவல் தேவைதான், அது எனக்கு விளங்கும். ஆனா ஐயாவை அவருக்கு நல்லாத் தெரியும், என்ர முகம்தான் பிரச்சினை. பையைக் கிளறி, இடியப்பப் பெட்டியையும் திறந்து பாத்தார். உள்ளுக்க பிரார்த்தனைச் சத்தம் கேக்குது. எனக்கு விசர் வந்திட்டுது. "இவரை உள்ள விட்டிட்டு என்னைச் சோதியுமன்" எண்டு கத்தினன். அதுக்குப் பிறகுதான் விட்டார்.

உள்ள போன அவசரத்தில புத்தகத்தை முதல் பக்கத்தில விரிச்சுக் குடுத்தன். பாத்தா அது கடைசிப் பக்கமாம். அவையின்ர எழுத்து வலப்பக்கத்தில இருந்தெல்லோ தொடங்குது. ஐயா அதைத் திருப்பி, நேரா நடுவுக்குப் போயிட்டார். "பிந்தி வந்தவன் சனம் நிக்கிற இடத்தில சேரவேணும். விட்டதைப் பிறகு தனிய சொல்லலாம்" எண்டார். நல்லகாலம், அவருக்கு அந்தப் பகுதி கிடைச்சுது.

கொஞ்சத்தால அந்தக் காவல்காரரும் வந்து, எங்களுக்குப் பக்கத்தில நிண்டு, ஐயாவைப் போலவே கையைப் பொத்தி நெஞ்சில தட்டிக் கடவுளிட்ட மன்னிப்புக் கேட்டார், என்னட்ட இல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்திது. வெளிய வந்ததும், "மறிச்சது அவர், நீங்கள் ஏன் ஐயா நெஞ்சில தட்டினனீங்கள்?" எண்டு கேட்டன்.

"இதில 'நான்' எண்ட சொல்லே இல்லை. 'நாங்கள் பிழை செய்தம்' எண்டுதான் இருக்கு. உன்னை மறிச்சதையும் சேர்த்துத்தான் சொன்னனான்" எண்டார்.

வீல்செயரைத் தள்ளிக்கொண்டு நடந்தன். பிறகு கோபம்தான் வந்தது. என்ர தங்கச்சியைக் கொலை செய்தவையும் சரி, பாத்துக்கொண்டு நிண்ட நாடுகளும் சரி, ஒருத்தரெண்டாலும் அந்த மூண்டு சொல்லையும் சொல்லேல்லை. பிந்தி வந்தாலும் சேர்ந்து சொல்லலாமாம். நான் இண்டைக்கும் அதைக் கேக்கத்தான் காத்துக்கொண்டிருக்கிறன்.