பச்சைச் சட்டத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி

அப்பா செத்துப் பதினைந்தாம் நாள் ஜனக்புரி வீட்டில் அவருடைய பீரோவைக் காலி செய்தேன். பென்ஷன் காகிதங்களுக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றிய ஒரு கூலிங் கிளாஸ் இருந்தது. குழந்தைகள் போடுவது. பச்சை பிளாஸ்டிக் சட்டம், கன்னங்கரேலென்ற கண்ணாடி, காதில் மாட்டும் நுனியில் நான் கடித்த பல் தடம். அது தொலைந்துபோய்விட்டது என்று இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சொன்னவர் அவர்தான். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அதை வாங்கியபோது எனக்கு எட்டு வயது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மே மாத வெயிலில் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வந்தால் என் கண் சிவந்து நீர் கொட்டும். அப்பா என்னைக் கரோல் பாக் நடைபாதைக் கடைக்குக் கூட்டிப் போனார். அரசாங்க ஆபீசில் ஃபைல் பார்க்கிறவர். சோதிக்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று பெயர். கடைக்காரன் நீட்டியதை எல்லாம் ஒவ்வொன்றாக அவன் பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எதில் பல்பு ரொம்ப மங்கலாகத் தெரிந்ததோ அதை எடுத்தார். "எவ்வளவு கறுப்போ அவ்வளவு நல்லதுட்டி" என்றார். கறுப்பு வெறும் சாயம், கண்ணுக்குத் தெரியாத கதிர் அதற்குள் தாராளமாகப் போகும் என்று அவருக்குத் தெரியாது. அதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. அப்போது யாருக்குத் தெரியும்?

அடுத்த பிப்ரவரியில் சூரிய கிரகணம் வந்தது. மதியத்திலேயே ரோடு காலியாகிவிட்டது. மேல் வீட்டுத் தமிழ்க் குடும்பம் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டது. அம்மா தண்ணீர்ப் பானைமேல் தர்ப்பையைப் போட்டுவிட்டு, "பிள்ளைய வெளிய விடாதீங்க" என்று கெஞ்சினாள். மூடநம்பிக்கை என்றால் அப்பாவுக்கு ஆகாது. "கண்ணாடி இருக்குல்லா, என்ன பயம்?" என்று என்னைப் புல்வெளிக்கு இழுத்துப் போய், அந்தக் கண்ணாடியை அவரே என் காதில் மாட்டிவிட்டார். "என்ன தெரியுதுன்னு சத்தமாச் சொல்லுட்டி. மேல இருக்கவங்களுக்குக் கேக்கட்டும்" என்றார்.

சொன்னேன். கடித்த பிஸ்கெட் மாதிரி இருக்கிறது என்று கத்தினேன். எதையும் உற்றுப் பார்க்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்வது என் பழக்கம். ஒரு கண்ணாவது தப்பியது அதனால்தான். அப்பா வானத்தைப் பார்க்கவே இல்லை. மூடிய ஜன்னல்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் போதும் என்று சொல்லும்வரை நான் பார்த்தேன்.

வலி ஒன்றும் இல்லை. மறுநாள் கரும்பலகையில் நடு எழுத்தை மட்டும் காணோம். தலையைத் திருப்பினால் அந்த ஓட்டையும் கூடவே வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரொம்ப நேரம் விளக்கடித்துப் பார்த்தார். கூடக் கொண்டுபோயிருந்த கண்ணாடியையும் வாங்கிப் பார்த்தார். வெறும் கண்ணாக இருந்தால் கூச்சத்தில் குழந்தை தானே முகத்தைத் திருப்பியிருக்கும், இந்தக் கண்ணாடி கூச்சத்தை மறைத்துக் கண்ணைத் திறந்து வைத்துவிட்டது என்று இந்தியில் சொன்னார். பிறகு கேட்டார்: "யே சஷ்மா கிஸ்னே தியா?" இந்தக் கண்ணாடியை யார் கொடுத்தது?

அப்பா கொஞ்சமும் தயங்கவில்லை. "பச்சீ நே குத் பஹன் லியா, டாக்டர் சாஹிபா." நானே எடுத்து மாட்டிக்கொண்டேனாம். டாக்டர் என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஒன்பது வயதில் வேறென்ன செய்வது?

அதற்குப் பிறகு நடந்ததுதான் கேவலம். "கிரகண தோஷம்" என்று மேல் வீட்டு அத்தை சொன்னாள். அம்மா கோயில் கோயிலாகப் போய் அர்ச்சனை செய்தாள். எல்லாருக்கும் ராகு கிடைத்தான். கண்ணாடியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வாய் கிழியப் பகுத்தறிவு பேசின மனுஷன், பழி ராகுமேல் விழுந்தபோது வாயைத் திறக்கவே இல்லை. எங்கள் வீட்டுக்கு வருகிற யாராவது என் கண்ணைப் பற்றிக் கேட்டால், "சொன்ன பேச்சு கேக்க மாட்டா" என்பார். கடைசி வரைக்கும் அதையே சொன்னார். ஆனால் கண்ணாடியைத் தூக்கி எறியாமல் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறார். ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஆறாதது அதுதான்.

போன வாரம் என் மகளுக்குக் கூலிங் கிளாஸ் வாங்கப் போனேன். பழையதையும் பையில் கொண்டுபோனேன். கடைக்காரர் இரண்டையும் மெஷினில் வைத்துக் காட்டினார். மகளுக்கு எடுத்தது லேசான பழுப்பு நிறம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரை முழுக்கத் தடுத்தது. அப்பா வாங்கியது ஏறக்குறைய முழுவதையும் உள்ளே விட்டது. "ஃபேங்க் தீஜியே, மேடம்" என்று குப்பைத் தொட்டியைக் காட்டினார்.

மகள் அதற்குள் பச்சைக் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அச்சா ஹை, அம்மா. இது கிஸ்னே தியா?"

இடது கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும்போல ஓர் அழுக்குப் புள்ளி. பின்னலும் காதும்தான் தெரிந்தன.

"தாத்தா குடுத்தாரு" என்றேன். "அவர்தான் மாட்டியும் விட்டாரு."

கடை முழுக்கக் கேட்கும்படி, சத்தமாகவே சொன்னேன்.