இலையடியில் ஒட்டிய அம்பு

என் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் உட்புறத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறது. விரல்நுனி அளவுத் தாள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில், துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தென்பட்டால் செக்கிங் பெண்கள் அந்த இடத்தைச் சுட்டி ஒட்டும் அம்பு. என் மனைவி அப்படியொரு செக்கிங் பிரிவை நடத்தி ஓய்வுபெற்றவள்.

தாராபுரத்துக்கு அருகில் எங்கள் மக்காச்சோளக் காட்டிலும் அவள் அம்பு ஒட்டினாள்; ஆனால் குறைகளுக்கு அல்ல, பொறிவண்டு முட்டையிட்ட இலைகளுக்கு. மஞ்சள் முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள் பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும், வண்டான பின்னும் தின்னும், ஆகவே பூச்சிமருந்து வேண்டாம் என்பது அவள் கட்சி. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று, "ஏனுங்க அம்மணி, காட்டுக்கும் கியூசி செக்கிங் வந்திருச்சுங்களா?" என்று கேட்டபோது நிமிராமலே சொன்னாள்: "அங்க டேமேஜுக்கு ஒட்டுனனுங்க. இங்க பாஸ் ஆனதுக்கு."

இந்தப் பருவத்தில் பயிர் பூவெடுக்கும் முன்னே மருத்துவமனைக்குப் போனாள். காரில் ஏறும்போது சொன்னது ஒன்றுதான்: "நான் வர்ற வரைக்கும் மருந்து அடிக்க உடாதீங்க." அவள் வரவில்லை.

அவளுடைய காரியங்கள் முடிந்து காட்டுக்குப் போனபோது பூக்களில் அசுவினி கறுத்து அப்பியிருந்தது. இனியும் பிந்தினால் மணி பிடிக்காது, நாளைக் காலை தம் காட்டோடு சேர்த்து எங்களுடையதற்கும் அடித்துவிடுவதாகப் பக்கத்துக்காரர் சொன்னார், அக்கறையோடுதான். முன்பு செக்கிங்கில் இருந்து, அண்மையில் எங்களிடம் வேலைக்கு வந்த பெண் ஒரு வாடிய இலைக்கட்டைக் காட்டினாள். "மேடம் அம்பு ஒட்டுன டேமேஜ் எல்லாம் பிச்சு வெச்சுட்டனுங்க ஐயா. தீ வெச்சரலாங்களா?" அவளைக் குறைசொல்ல இயலாது, இந்த ஊரில் அந்த அம்புக்கு வேறு பொருள் கிடையாது.

உட்கார முடியவில்லை. இலைக்கட்டை வாங்கி உள்ளே வைத்தேன், வெளியே வந்தேன், மறுபடி போய்ப் பிரித்தேன். இலைகளைத் திருப்பினால் முட்டைகள் வெறும் வெள்ளைத் தோலாக இருந்தன. முட்டை பொரிந்த பிறகே இலைகள் பறிக்கப்பட்டிருந்தன. அப்படியானால் புழுக்கள் காட்டில்தான் இருக்க வேண்டும். சால்களுக்கிடையே நடந்தேன். கறுப்பில் செம்மஞ்சள் புள்ளியிட்ட புழுக்கள் சில செடிகளில் அசுவினியை மென்றுகொண்டிருந்தன. சில செடிகளில் ஒன்றுகூட இல்லை. இது போதுமா, போதாதா? அவள் இருந்தால் கேட்டிருக்கலாம். வெளிச்சம் மங்கும்வரை நடந்தும் எனக்கு விளங்கவில்லை.

காலையில் மருந்துக் குழாயோடு வந்த பக்கத்துக்காரரிடம் இன்று வேண்டாம் என்றேன். "அப்ப எப்பத்தானுங்க அடிக்கறது?" என்றார்.

"அவ வரட்டுங்க."

யோசித்துச் சொன்ன பதிலன்று அது. அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார்.

வாடிய இலையொன்றிலிருந்து இந்த அம்பை உரித்து எடுத்தது அன்றுதான். காட்டில் இதுவரை மருந்து படவில்லை. சில கதிர்களில் மணி திரண்டிருக்கிறது, சிலவற்றில் இல்லை. விடிந்ததும் கூட்டைத் திறக்கிறேன், அம்பு தெரிகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் இலைகளைத் திருப்பிப் பார்க்கப் போகிறேன்.