மேற்குப் பக்கத்து ஆறு ஜன்னல்கள்

கூரை, காற்று, வெயில் என்று யாராவது பேச்சை எடுத்தால் எனக்குத் தலைகால் புரியாமல் போய்விடும். கட்டடக்கலை படித்துவிட்டுப் பத்து வருஷமாக எர்ணாகுளத்து அலுவலகங்களுக்குக் கண்ணாடிச் சுவரும் ஏசியும் வரைந்து வரைந்து சலித்துப்போனவள் நான். அப்படிப்பட்டவளிடம் மட்டாஞ்சேரியில், எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே, ஒரு பழைய ஓட்டுக் கட்டடப் பள்ளியைக் கொடுத்து, இதைக் குளிரவை பார்க்கலாம் என்றால் சும்மா இருப்பேனா? முதல் நாள் முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். பள்ளியின் மானேஜர் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, ஏசி வைத்த கான்கிரீட் மாடி கட்டுவதாக இருந்தார். தலைமையாசிரியைக்கு இடிக்க மனசில்லை. அவர்தான் என்னைக் கூப்பிட்டார். மானேஜர் கொஞ்சம் இறங்கிவந்து ஒரே ஒரு வகுப்பறையை என்னிடம் விட்டார். மார்ச் வெயிலில், மத்தியானம் இரண்டு மணிக்கு, பிள்ளைகள் நிறைந்த அந்த அறையில் ஏசி இல்லாமல் அவரால் அரை மணி நேரம் உட்கார முடிந்தால் கட்டடம் பிழைக்கும். முடியாவிட்டால் பெரிய விடுமுறையில் இடிப்பார்கள்.

அறைக்குள் நுழைந்ததுமே என் எதிரி யாரென்று தெரிந்துவிட்டது. மேற்குச் சுவரில் ஆறு ஜன்னல்கள் இருந்த தடம் அப்படியே தெரிந்தது. ஆறையும் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். மத்தியானமானால் கடல்காற்று வருகிற திசை அது! காற்று வருகிற வாசலை அடைத்துவிட்டு, உள்ளே நாலு மின்விசிறியைச் சுழற்றிச் சுடுகாற்றைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

“எந்த மடையன் இதை அடைச்சது?” என்று கேட்டேன்.

இப்போதிருக்கும் ஆசிரியைகள் எல்லாரும் பிறகு வந்தவர்கள், யாருக்கும் தெரியவில்லை. கள்ளனுக்குப் பயந்து என்றார் ஒருவர். மழைச்சாரல் என்றார் இன்னொருவர். நானும் அங்கே ஒன்றாம் வகுப்பு மட்டும் படித்தவள்தான், பிறகு வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு நினைவிருப்பது கஞ்சியும் பயறும் மட்டுமே.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அந்த மடையனை வீட்டிலும் விளாசினேன். அதற்கு மறுநாளும் விளாசினேன். என் அத்தா, அதாவது அப்பா, வத்தல் மிளகாய் வியாபாரி, சாப்பாட்டு நேரத்தில் உலக விஷயம் எதையும் விடாமல் பேசுகிறவர். அந்த வாரம் முழுக்க மீன் முள் எடுப்பதிலேயே மும்முரமாக இருந்தார்.

வேலை தொடங்கியது. கூரைக்கு அடியில் அடித்திருந்த பலகையைப் பிரித்தோம். உச்சியில், சூடு மேலே ஏறி வெளியே போக, மழை நுழையாதபடி ஒரு நீள இடைவெளி விட்டோம். நடுவில் எட்டுக் கண்ணாடி ஓடு பதித்ததும் பகலில் குழல்விளக்கே வேண்டாமென்று ஆனது. மின்சாரம் அதிகம் இழுக்காத புது மின்விசிறி இரண்டு மாட்டினோம். ஆறு ஜன்னல்களையும் உடைத்துத் திறந்தபோது, ஒவ்வொரு செங்கல் விழும்போதும் நான் கைதட்டினேன். ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார்.

காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஊதுபத்தி கொளுத்தி, புகை போகிற வழியை நோட்டில் வரைந்துகொள்வேன். வகுப்பு நடக்கும்போது புகை போட முடியாதே. அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஜும்மா தொழுகைக்காக அன்றைக்கு இடைவேளை நீளம், அறை காலியாக இருக்கும். கம்பி மாட்டி முடியாததால் மற்ற நேரம் பலகையால் மூடியிருந்த ஜன்னல்களைச் சோதிக்கும்போது மட்டும் திறப்பேன். மூன்று வெள்ளி பார்த்தேன். மூன்று தடவையும் புகை மேற்கு ஜன்னலிலிருந்து அழகாக உள்ளே வந்து, உச்சி வழியாக ஏறிப் போயிற்று. சந்தோஷத்தில் நான் பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒரு காலை நேரம் பார்த்ததில் மட்டும் புகை நேரெதிராக மேற்கே போனது. உதவாத நேரம் என்று அதன் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

சோதனை நாள் ஒரு திங்கட்கிழமை. மானேஜர் வெள்ளை வேட்டியும் கையில் ஒரு துவாலையுமாக வந்து கடைசி பெஞ்சில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். வியர்வை துடைக்கத்தான் துவாலை. இரண்டு மணிக்குக் கடல்காற்று வந்தது. நோட்டுத் தாள்கள் படபடத்தன. மானேஜர் துவாலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கொள்ளாமே,” என்றார். நன்றாயிருக்கிறதே என்று அர்த்தம்.

தலைமையாசிரியை என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த நேரம் பார்த்து மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் தும்மினாள். பக்கத்திலிருந்தவள் தும்மினாள். பின்னால் இரண்டு, முன்னால் நாலு. பிறகு மானேஜர் தும்மிய தும்மலில் பெஞ்சே நகர்ந்தது. பிள்ளைகளை அதட்ட வாயைத் திறந்த தலைமையாசிரியை, “ஸை…” என்றதோடு நின்று, மீதியைத் தும்மலாகப் போட்டார். வகுப்பு முழுக்கத் தும்மலும் சிரிப்பும்.

நடுவில் நான் மட்டும் ஒன்றும் ஆகாமல் நின்றுகொண்டு, “என்ன, எல்லாருக்கும் ஒண்ணா ஜலதோஷம்?” என்று கேட்டேன்.

மானேஜர் கண்ணீர் வழிய என்னைச் சுட்டிக்காட்டினார். “பாருங்கோ டீச்சரே! இவ மாத்திரம் தும்மலே! இவ அந்த முளகுக்காரரோட மோளல்லே!”

மிளகாய்க்காரர் மகளல்லவா நான்! ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அத்தாவின் குடோன். வாசலில் லாரி. சுமட்டுத் தொழிலாளிகள் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மூட்டை விழும்போதும் சிவப்பாய் ஒரு தூசி எழுந்து, நான் திறந்துவிட்ட ஜன்னலை நோக்கி வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருப்பார்கள், குடோன் பூட்டியிருக்கும். மற்ற நாளெல்லாம் இறக்குவார்கள். மிளகாயோடு பிறந்து வளர்ந்த என் மூக்குக்கு இதெல்லாம் ஒரு வாசனையே இல்லை. மூக்கு இருந்தும் இல்லாதவள் நான்.

மானேஜர் சிரித்து ஓய்ந்து துவாலையால் மூக்கைத் துடைத்தார். “காத்து வருது, சம்மதிச்சு. பட்சே இந்தக் காத்துல குட்டிகள் எப்படிப் படிக்கும்? ஜன்னலை அடைச்சா பழையபடி சூடு. அப்ப இடிக்கறதுதான் வழி.”

“ஒரு வாரம் கொடுங்க சார். அடுத்த திங்கள் இன்னொரு தடவை வந்து பாருங்க.”

“சரி. துவாலை ரெண்டு கொண்டுவரேன்.”

வீட்டுக்குப் போனதும் அத்தாவிடம் பாய்ந்தேன். “மத்தியானம் மூட்டை இறக்குவீங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அத்தா?”

அத்தா சாயா கிளாஸைக் கீழே வைத்தார். “நீ படிச்சவளாச்சே மோளே. எல்லாம் பார்த்துத்தான் திறக்கிறேன்னு நெனச்சேன். அதுவும் இல்லாம அந்த மடையன் நான்தான்னு எப்படிச் சொல்ல?”

எனக்குப் புரியவில்லை.

“ஆறு ஜன்னலையும் அடைச்சது நான். நீ அந்த ரூம்லதான் ஒண்ணாம் கிளாஸ் படிச்சே. குட்டிகளெல்லாம் தும்மும், நீ மட்டும் தும்ம மாட்டே. முளகுக்காரன் மோள்னு சொல்லி உன் பக்கத்துல யாரும் உட்காரல. அழுதுகிட்டு வந்தே. ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டு, ஞாயித்துக்கிழமை ஆள் வச்சு அடைச்சேன். என்ன செய்ய, எனக்குத் தெரிஞ்ச வழி அதுதான்.”

எனக்கு அதில் ஒரு துளிகூட நினைவில்லை. சாப்பாட்டு மேஜையில் நாள்தவறாமல் நான் திட்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்து வெட்கமாகிவிட்டது. அழுகை வந்தது, அதை முந்திக்கொண்டு சிரிப்பும் வந்தது. அத்தாவும் சிரித்தார். உள்ளேயிருந்து அம்மா வந்து, இரண்டு பேருக்கும் என்ன வந்தது என்று கேட்டாள்.

நோட்டை எடுத்துப் புரட்டினேன். உதவாத நேரம் என்று நான் எழுதி வைத்த அந்தக் காலைப் புகை மேற்கே, கடலைப் பார்த்துப் போயிருந்தது. இரண்டு மூன்று நாள் விடிந்ததும் ஊதுபத்தியோடு போய் நின்று பார்த்தேன். ஒவ்வொரு காலையும் காற்று அப்படித்தான் போயிற்று. பள்ளி மணி அடிக்குமுன் மூட்டையை இறக்கி, குடோனின் பள்ளிப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டால் ஒரு தூசிகூடப் பள்ளிக்கு வராது.

சுமட்டுத் தொழிலாளிகள் உடனே ஒத்துக்கொண்டார்கள். உச்சி வெயிலில் சுமப்பது அவர்களுக்கும் பிடிக்கவில்லை. சிக்கல் அத்தாதான். விடியற்காலை சுபுஹ் தொழுதுவிட்டு வந்து மறுபடி படுத்தால் ஒன்பது மணிக்குமுன் அவரை எழுப்ப யாராலும் ஆகாது. மட்டாஞ்சேரிக்கே தெரிந்த விஷயம் அது.

“ஆறு மணிக்கா?” என்றார், தூக்குத்தண்டனை கேட்டவர் மாதிரி.

“ஆறு மணிக்கு அத்தா.”

அலாரம் கடிகாரத்தை எடுத்து முள்ளைத் திருகினார். “சரி. அன்னைக்கு அடைச்சது உனக்காக. திறக்கிறதும் அப்படியே இருக்கட்டும்.”

அடுத்த திங்கள் மானேஜர் சொன்னபடி இரண்டு துவாலையோடு வந்தார். இரண்டு மணிக்குக் காற்று வந்தது. எல்லாரும் மூக்கை விடைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஒரு தும்மல்கூட இல்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். கடைசி பெஞ்சில் மானேஜரின் தலை லேசாகச் சாய ஆரம்பித்தது. அப்போது முதல் பெஞ்சிலிருந்த சிறுமி எழுந்து, “டீச்சரே, பேப்பர் பறக்குது, ஃபேனை அணைக்கட்டே?” என்று கேட்டுவிட்டுத் தானே போய் அணைத்தாள்.

யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. மார்ச் மாதம், மத்தியானம், நிறைந்த வகுப்பு, மின்விசிறி ஓடவில்லை! எனக்கு எகிறிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. மானேஜர் திடுக்கென்று நிமிர்ந்து நின்றுபோன விசிறியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இடிக்கலே,” என்றார். “மத்த ரூமும் இதுபோல ஆக்கிக்கோ.”

தலைமையாசிரியை என்னைக் கட்டிக்கொண்டார். விசிறியை அணைத்த சிறுமி அதற்குள் ஜன்னலோரம் போய் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் போய்ப் பார்த்தேன். சாத்திய குடோன் கதவுக்கு முன்னால், நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தொட்டுவிட்டுத்தான் காற்று எங்களிடம் வந்துகொண்டிருந்தது.

“அது ஆரு சேச்சி?” என்று கேட்டாள்.

“இந்த ஜன்னலை அடைச்ச மடையன்,” என்றேன். “என் அத்தா.”