வெள்ளைக் கவுனும் சோடா மாவும்

மறுநாள் மகளுக்குப் புதுநன்மை. தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கப் போகிறாள். அதற்கான வெள்ளைக் கவுன் நாற்காலியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அளவு கொடுக்க ரிங்லெட் டவுன் தையற்கடைக்கு மூன்று முறை போய் வந்திருந்தாள். நான் செய்ய வேண்டிய ஒரே வேலை, அதைத் தொடாமல் இருப்பது. பூ வாங்கக் கியா பார்ம் சந்தைக்குக் கிளம்பிய மனைவி அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

ரொட்டி சானாயைப் பருப்புக் கறியில் தோய்த்துக்கொண்டே கவுனைக் குனிந்து ரசித்தேன். நெஞ்சுப் பக்கம் பட்டன் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு சொட்டு.

எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவன் பதறக்கூடாது. படித்ததை நினைவுகூர வேண்டும். வெள்ளைத் துணிக்குச் சோடா மாவைப் போல் வராது என்று எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன். சோப்புத் தண்ணீரில் குழைத்து அப்பினேன்.

கறை சிவந்தது.

கண்ணெதிரே மஞ்சள் ரத்தமாகிக்கொண்டிருந்தது. மருந்து போதவில்லை போலும் என்று இன்னும் இரண்டு கரண்டி போட்டுத் தேய்த்தேன். ரத்தம் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. கவுனோடு வாசற்படிக்கு ஓடினேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து அலறினார்.

“ஐயோ, யாருக்கு என்னா ஆச்சு தம்பி?”

“பருப்புக் கறிக்கா. சோடா மாவு போட்டேன்.”

அலறல் அப்படியே சிரிப்பானது. “மஞ்சள்ல சோடா போட்டா செவக்காதா லா? ஆரத்தி எப்படிக் கரைக்கிறோம்? மஞ்சளும் சுண்ணாம்பும்தானே! எங்க வூட்டுக் கல்யாணத்துல முன்னாடி நின்னு பாத்தீங்களே!”

பார்த்தேன்தான். எங்கள் வீட்டில் ஆரத்தி வழக்கமில்லை. அந்தச் சிவப்பைக் குங்குமம் என்றே இத்தனை வயதுவரை நம்பியிருந்தேன்.

அக்கா எலுமிச்சை பிழிந்தார். சிவப்பு நொடியில் மறுபடி மஞ்சளானது. அதற்கும் திடுக்கிட்டேன்.

“அலசிட்டு வெயில்ல போடுங்க. மஞ்சள வெயிலு தின்னுடும்.”

வெயிலா? எதிர்மலையே பனியில் காணவில்லை. அந்த நேரம் பார்த்து மகள் ஞானோபதேச வகுப்பு முடிந்து வந்தாள். கவுனைப் பார்த்தாள்.

“அப்பா, நாளைக்கு நான் எதப் போடுறது?”

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. பூவோடு வந்திறங்கிய மனைவி, சோடா மாவு டப்பாவை என் கைக்கு எட்டாத உச்சி அலமாரியில் ஏற்றி வைத்தாள்.

பதினொரு மணிக்கு மேல் வெயில் துண்டு துண்டாக வந்தது. விழுந்த இடத்துக்கெல்லாம் கவுனோடு ஓடினேன்: வேலி, தண்ணீர்த் தொட்டி, யாருடைய மோட்டார் சைக்கிள் சீட்டோ. “கிராணி, இந்தப் பக்கம் அடிக்குது, ஓடியாங்க!” என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையே வழிகாட்டியது.

நான்கு மணிக்கு மஞ்சளைத் தேடினோம். இல்லை. அந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட ஒரு பங்கு கூடுதலாக வெளுத்திருந்தது.

பெருமையோடு மகளிடம் நீட்டினேன். வாங்கியவள் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

“பெரியம்மா, காலைல வரைக்கும் இங்கயே இருக்கட்டும். அப்பாவ உள்ள விடாதீங்க.”

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே கதவைத் தாழிட்டார்.