ஒரு கோடு குறைந்த சால்வை

பழி தீர்த்த பிறகு ஒருத்திக்குச் செய்ய என்ன மிச்சமிருக்கும்? அந்தக் குடும்பத்தின் இளைய மருமகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. கை வேலைக்கும் நாக்குக்கும் சேர்த்து வீட்டில் அவளை ‘ஊசி’ என்பார்கள்.

கம்பளி நூலில் ஓட்டைகளாலேயே பூ விழும் சால்வைகளைப் பின்னுவாள். அபாரம் என்று சொல்லிவிட முடியாது, கை சுத்தம். பூவை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொள்வாள். வட்டம் என்றால் ஓட்டை. அங்கே ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம், கூடும். சாய்கோடு என்றால் இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்ன வேண்டும், ஒன்று குறையும். வட்டத்துக்கு ஒரு கோடு இருந்தால்தான் சால்வை நேராக வளரும்.

அவள் வரைந்த இலைக்கொடிப் படத்தை மூத்த ஓரகத்தி இழுப்பறையிலிருந்து எடுத்துப் பின்னினாள். தன் கற்பனை என்று ஊர்க் கைவேலைக் கண்காட்சியில் வைத்துப் பரிசும் வாங்கினாள். ஊசி கேட்டதற்கு, “இலை என்ன, உங்கப்பன் வீட்டு மரத்துலயா முளைச்சுது?” என்றாள். வீடே சிரித்தது. ஊசியின் கணவனும் சிரித்தான்.

அடுத்த கண்காட்சிக்கு ஊசி ஒரு புதுப் படத்தை இரண்டு தாளில் வரைந்தாள். சரியானதைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். இழுப்பறையில் போட்டதில், பாதிக்கு மேல், ஒவ்வொரு வரிசைக் கடைசியிலும் வரவேண்டிய சாய்கோடு இல்லை. மூத்தவள் தாளை நம்புவாள், கண்ணியை எண்ணமாட்டாள்.

தாள் காணாமல் போனது. மூத்தவளின் மாடியறைக் கதவு பகலெல்லாம் சாத்திக் கிடந்தது. கண்காட்சி நெருங்கியபோது மூத்தவள் சால்வையோடு வந்து நின்றாள். அதன் ஒரு பக்கம் விசிறி போல விரிந்து சுருண்டிருந்தது.

“ஏன்டி, கம்பளி மட்டமோ?”

“நல்ல கம்பளிதான்க்கா.”

“பின்ன ஏன் இப்படிக் கோணுது?”

“நீங்க வரைஞ்ச படமாச்சே. எனக்கு என்ன தெரியும்?”

மூத்தவளின் முகம் சுண்டியது. “பேரு குடுத்துட்டேன்டி. இப்ப வைக்கலைன்னா எல்லாரும் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே. நம்ம வீட்டுல சிரிக்காத சிரிப்பா?”

அன்று ஊசி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை, சரியான படத்தைப் பார்த்துக் கண்காட்சிக்கென்று பின்னி வைத்திருந்த, குறையொன்றும் இல்லாத தன் சால்வையை மடியில் போட்டுப் பாதிவரை பிரித்தாள். அந்தச் சாய்கோட்டை விட்டுவிட்டு மறுபடி பின்னினாள். கண்காட்சியில் இரண்டும் அருகருகே, ஒரே பக்கம் கோணித் தொங்கின. மூத்தவளை மட்டும் பார்த்து யாரும் சிரிக்க முடியவில்லை. கணவன் காரணம் கேட்டான். பிறகு, தயங்கித் தயங்கி, மூத்தவளும் கேட்டாள். ஊசி யாருக்கும் சொல்லவில்லை.